அந்தப் பட்டன் கடையைப் பறித்தது உள்ளூர்க்காரர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் தையல் சாமான் கடை நடத்துகிறேன். பட்டன், ஊக்கு, ஜிப், நூல்கண்டு, லைனிங் துணி, புடவை ஃபால்ஸ், பாவாடை நாடா எல்லாம் விற்கிற கடை. மாமனார் 1971-ல் ஆரம்பித்தது. அவருக்குப் பின் மாமியார், இப்போது நான். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. சென்ற மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் 'தி ஷாப் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' என்ற பழைய படத்தைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. அதில் "ஒரு மூதாட்டியின் பட்டன் கடை" என்ற வரி கண்ணில் பட்டதால்தான் முழுதும் படித்தேன். நகைக் கடை என்று இருந்தால் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

அப்புறம் படத்தையும் தேடிப் பார்த்தோம். கல்லூரியில் படிக்கும் என் மகள் லேப்டாப்பில் ஓட்டினாள். ஸ்லோவாக் மொழிப் படம், 1965-ல் எடுத்தது, கறுப்பு வெள்ளை. கீழே ஆங்கில வரிகள் ஓடின. எனக்கு அவ்வளவு வேகமாக ஆங்கிலம் படிக்க வராது. அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும் படத்தை இரண்டு ராத்திரி பார்த்தோம். முடித்த பிறகு உங்கள் கட்டுரையை எடுத்து மறுபடி படித்தேன். இரண்டு இடத்தில் தப்பு இருக்கிறது. அச்சுப் பிழை என்றால் விட்டிருப்பேன். இவை படத்தின் உயிரையே மாற்றிவிடுகிற தப்புகள்.

முதல் தப்பு. "ஹிட்லரின் படை பிடித்துக்கொண்ட செக் நகரம் ஒன்றில் நடக்கும் கதை" என்று எழுதியிருக்கிறீர்கள். கதை நடப்பது 1942-ல், ஸ்லோவாக்கியாவின் ஒரு சிறிய ஊரில். ஸ்லோவாக்கியா 1939 மார்ச் 14-ல் தன்னைத் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. ஜெர்மனியின் நிழலில் இருந்த நாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதிபராக இருந்த யோசெஃப் டிசோ அந்த நாட்டு ஆள்தான், கத்தோலிக்கப் பாதிரியார். சட்டம் போட்டது அவர்கள் அரசாங்கம். சீருடை மாட்டிக்கொண்டு தெருவில் அதிகாரம் செய்த ஹ்லிங்கா காவல்படையும் அவர்கள் பிள்ளைகள்தான். படத்தில் யூதக் கிழவியின் கடையைத் தூக்கிக் கொடுக்கிறவன் ஜெர்மன்காரன் இல்லை. அதை வாங்கிக்கொள்ளும் தச்சனுக்குச் சொந்தக்காரன்.

என்ன சொந்தம் என்பதில் மகளுக்கும் எனக்கும் ஒரு குழப்பம் வந்தது. ஆங்கில வரியில் இருந்த சொல்லுக்கு மச்சான் என்றும் அர்த்தம், மைத்துனன் என்றும் அர்த்தம், இன்னும் இரண்டு மூன்று உறவும் அதற்குள் அடங்கும். இருவரின் பெண்டாட்டிகளும் அக்கா தங்கை என்று தெரிந்த பிறகுதான் "சகலைம்மா!" என்றாள். அந்த ஒரு சொல் கிடைத்ததும் எனக்குப் படமே வேறு மாதிரித் தெரிந்தது. வசதியான சகலை, வசதியில்லாத சகலை. ஒரு ராத்திரி வசதியானவன் சாப்பாடும் சாராயமுமாக வீட்டுக்கு வருகிறான். பெண்டாட்டி பூரித்துப் போகிறாள். போகும்போது ஒரு காகிதத்தை நீட்டுகிறான்: இனி அந்த யூதக் கிழவியின் கடைக்கு நீதான் பொறுப்பு. எந்த ஊரில் நடக்காது இது?

அந்தக் காகிதத்துக்குப் பின்னால் இருந்த சட்டத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. யூதர்களின் கடைகளையும் தொழில்களையும் பிடுங்கி யூதரல்லாதவர்களுக்குக் கொடுப்பதற்கு 1940-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. 10,000-க்கு மேற்பட்ட கடைகளும் தொழில்களும் இழுத்து மூடப்பட்டன. 2,000-க்கு மேல் கைமாறின. 1941 செப்டம்பரில் யூதர்களுக்கென்றே ஒரு பெரிய சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். 1942 மார்ச் 25-ம் தேதி போப்ராட் என்ற ஊரிலிருந்து முதல் ரயில் கிளம்பியது, சுமார் 1,000 இளம் பெண்களோடு, ஜெர்மன்காரர்களின் கொலை முகாமான ஆஷ்விட்ஸுக்கு. அந்த அக்டோபர் முடிவதற்குள் 58,000 பேர் அளவுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பிய ஒவ்வொரு ஆளுக்கும் 500 மார்க் வீதம் ஜெர்மனிக்குக் கொடுக்க ஸ்லோவாக் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. இதை என் மகள் படித்துக் காட்டியபோது வாங்கினார்கள் என்று நினைத்து, சரியாகப் பாரடி என்றேன். கொடுத்ததுதான். தன் குடிமக்களை அழைத்துப் போவதற்குக் கூலி கொடுத்த அரசாங்கம்.

பத்தாம் வகுப்புப் பாடத்தில் ஹோலோகாஸ்ட் என்று வருகிறது, 60 லட்சம் யூதர்கள் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். முள்வேலி, விஷவாயு, ரயில் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ரயிலுக்கு முன்னால் கணக்குப் புத்தகம் வந்தது தெரியாது. கடை நடத்துகிற எனக்கு அந்த இடம்தான் அடிவயிற்றில் போய் விழுந்தது.

அந்தக் கடையைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். கிழவியின் பெயர் ரோசாலியா லௌட்மன். புருஷன் இறந்துவிட்டான். காது சரியாகக் கேட்காது. அந்த ஊரில் சட்டம் போட்டிருப்பதோ போர் நடப்பதோ அவள் மனதில் ஏறவே இல்லை. தச்சன் டோனோ காகிதத்தோடு வந்து நிற்கிறான். இனி கடை என்னுடையது என்று கத்திச் சொல்லிப் பார்க்கிறான். அவளுக்கு விளங்கவில்லை. கடைசியில் அவளுக்கு வேண்டியவர் ஒருவர், ஒத்தாசைக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லிச் சமாளிக்கிறார். அவளும் பையன் நல்ல பையன் என்று ஏற்றுக்கொள்கிறாள்.

என் மாமியாருக்கும் கடைசி பத்து வருடம் காது போய்விட்டது. ஆனாலும் 79 வயது வரை கல்லாவில்தான் உட்கார்ந்தார். எங்கள் கடையில் பட்டன் பெட்டிகளின் முகப்பில் உள்ளே இருக்கும் பட்டனில் ஒன்றைத் தைத்து வைத்திருப்போம். அத்தைக்கு அந்தப் பட்டன்கள்தான் எழுத்து. வந்தவர்கள் கத்தக் கத்தச் சிரித்துக்கொண்டே இருப்பார். பிறகு ரவிக்கைத் துணியை வாங்கி இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒரு தடவு தடவுவார். எழுந்து போய், மேல் தட்டில் மூன்றாவது வரிசையில் கையை விட்டு ஒரு நூல்கண்டை எடுத்து வந்து துணிமேல் வைப்பார். வாசல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தால் துணி எது, நூல் எது என்று தெரியாது. படத்தில் அந்த நடிகை கடைக்குள் நடமாடுகிற விதம் அப்படியே இருந்தது. யாரும் அவளை இன்னொருவருடைய கடையில் நிற்கிறவள் என்று நினைக்க முடியாது. அவளை அங்கிருந்து எடுத்தால் அந்தக் கடையில் மிச்சம் பலகைதான்.

ஏனென்றால் அந்தக் கடையில் சரக்கு இல்லை. டோனோவுக்கு அதுவே பெரிய அதிர்ச்சி. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். (கோட்டைக் கோயிலில் 1981-ல் சாமி திரும்பி வந்துவிட்டார், பேச்சு மட்டும் போகவில்லை.) அந்தக் கணக்கில் இது சரக்கு இல்லாத கடை. ஊர் யூதர்கள் தங்களுக்குள் காசு சேர்த்துக் கிழவியைக் காப்பாற்றி வருகிறார்கள். இப்போது டோனோவுக்கும் சம்பளம் என்று ஒன்றைக் கொடுக்கிறார்கள். இவன் போய்விட்டால் இவனைவிடக் கொடியவன் எவனாவது வந்து உட்காருவான் என்ற பயம். இந்த ஏற்பாட்டை உங்கள் கட்டுரை "மனிதநேயம் மலரும் உறவு" என்று சொல்லிவிட்டுப் போகிறது. எனக்கு அது ஆறவில்லை. டோனோ கிழவியின் உடைந்த நாற்காலி மேஜையைச் செப்பனிடுகிறான், உண்மைதான். அவள் தன் புருஷனின் கோட்டு சூட்டை எடுத்துக் கொடுக்க, போட்டுக்கொண்டு நிற்கிறான், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள் என்று கடையை மூடச் சொன்னதும் விழிக்கிற இடத்தில் நானும் சிரித்தேன். ஆனால் வாரம் முடிந்தால் பணம் வாங்குகிறான். யாரிடமிருந்து? கடையைப் பறிகொடுத்தவர்களிடமிருந்து. வீட்டில் பெண்டாட்டியிடம் கடையில் நல்ல வியாபாரம் என்று நம்ப வைக்கிறான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

இரண்டாவது தப்புக்கு வருகிறேன். "மூதாட்டியைக் காக்கத் தன் உயிரையே கொடுத்த தச்சன்" என்று முடித்திருக்கிறீர்கள். முடிவை நீங்களே சொல்லிவிட்டதால் நானும் சொல்கிறேன்.

கடைசி அரை மணி நேரம் முழுக்க அந்தக் கடைக்குள்தான். வெளியே ஊர்ச் சதுக்கத்தில் யூதர்கள் மூட்டை முடிச்சோடு நிற்கிறார்கள். ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுகிறார்கள். கிழவியின் பெயர் வரவில்லை. பட்டியலில் விட்டுப்போய்விட்டது போல. டோனோ கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே குடிக்கிறான். மறைத்து வைத்தால் தன் தலை போய்விடுமோ என்று ஒரு நிமிஷம் அவளை வெளியே போகச் சொல்லித் தள்ளுகிறான். அடுத்த நிமிஷம் போகாதே என்று இழுக்கிறான். கெஞ்சுகிறான், திட்டுகிறான். அவளுக்கு அப்போதுதான் வெளியே நடப்பது என்ன என்று புரிய ஆரம்பிக்கிறது. சகலையின் ஆட்கள் கடைப் பக்கம் வரும்போது பயத்தில் அவளைப் பிடித்து ஓர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறான். எல்லாம் அடங்கிய பிறகு திறந்தால் அவள் செத்துக் கிடக்கிறாள். அதன் பிறகுதான் தூக்குப் போட்டுக்கொள்கிறான்.

உயிரைக் கொடுப்பது வேறு, உயிரை விடுவது வேறு. தமிழ்ப் பத்திரிகைக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. படத்தில் உயிரைப் பணயம் வைத்தவர் ஒருவர் உண்டு. குஹார் என்பவர். ஒத்தாசைக்கு ஆள் வந்திருக்கிறது என்று கிழவியிடம் சொன்னாரே, அவர்தான். யூதர் இல்லை, யூதர்களுக்கு உதவியவர். அவரை அடித்து நொறுக்கி, 'வெள்ளை யூதன்' என்று முத்திரை குத்தி, ஊர் பார்க்கும்படி நிறுத்துகிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்துதான் டோனோவுக்குக் குலை நடுங்குகிறது. உங்கள் கட்டுரையில் குஹார் பெயரே இல்லை. தியாகி என்று எழுத இடம் இருந்தது, ஆளைத்தான் மாற்றிவிட்டீர்கள்.

டோனோவைத் தியாகி ஆக்கிவிட்டால் பார்க்கிற நமக்கு நிம்மதியாகிவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எனக்கு அந்த நிம்மதி வேண்டாம் என்பதற்கு என் கதை ஒன்று இருக்கிறது.

2020 ஏப்ரல். ஊரடங்கு. கடை மூடிக் கிடந்தது. எங்கள் வாடிக்கையாளர்களான தையல்காரப் பெண்கள் பத்துப் பேர் வீட்டில் உட்கார்ந்து முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தார்கள். காதில் மாட்டும் எலாஸ்டிக் எங்கேயும் கிடைக்கவில்லை. எனக்கு எலாஸ்டிக், ஜிப் எல்லாம் மொத்தமாகக் கொடுப்பவர் அதே பஜாரில் ஒரு பாய். மாமனார் காலத்திலிருந்து பழக்கம். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அந்தச் சமயத்தில், அவர்கள்தான் நோயைப் பரப்புகிறார்கள், அவர்கள் கடையில் எதுவும் வாங்காதீர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் வந்துகொண்டிருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருக் குழுவிலும் வந்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஒரு நாள் காலையில் அண்ணன் போன் செய்தார். "எலாஸ்டிக் வீட்டுல நாலு ரோல் இருக்கும்மா, பையன்கிட்ட குடுத்தனுப்பவா?" என்று கேட்டார். வேண்டாம் அண்ணா, சரக்கு இருக்கு என்றேன். இல்லை. ஒரு மீட்டர்கூட இல்லை. அன்று சாயங்காலமே இன்னொருவரிடம் இரட்டை விலை கொடுத்து வாங்கினேன். கடை திறந்த பிறகு எப்போதும் போல அவரிடம் சரக்கு எடுத்தேன், பில் தீர்த்தேன், டீ குடித்தேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இதையும் அதையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே குடும்பம் குடும்பமாகக் கொன்றார்கள். அதற்குப் பக்கத்தில் வைக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் டோனோ கண்ணாடி வழியாகச் சதுக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, எனக்கு அந்த "சரக்கு இருக்கு அண்ணா" காதில் கேட்டது. படத்தை நிறுத்தச் சொன்னேன். மகளுக்கு அப்போதுதான் முதல் முறையாக இதைச் சொன்னேன். அன்று அதோடு படுத்துவிட்டோம். மிச்சத்தை மறுநாள் ராத்திரிதான் பார்த்தோம்.

நடுவில் இருந்த அந்தக் காலையில், கடை திறப்பதற்கு முன் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். கொஞ்ச நேரம் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "தெரியும்மா. அந்த வாரம் ஏழு பேருக்குப் போன் பண்ணேன். ஏழு பேரும் சரக்கு இருக்குன்னாங்க" என்றார். அப்புறம் டீ சொல்லி அனுப்பினார்.

படத்தை எடுத்தவர்களைப் பற்றியும் கட்டுரையில் இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம். இயக்குநர்கள் இரண்டு பேர், யான் காதார், எல்மார் குளோஸ். காதார் யூதர். அவருடைய அப்பா, அம்மா, சகோதரி மூவரையும் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். அப்படிப்பட்டவர் எடுத்த படத்தில் கொலைகாரனின் முகத்தைக் கோரமாகக் காட்டவில்லை. பூ பூக்கிற மாதிரி வெளிச்சமான தெரு, மாலையில் ஜோடி ஜோடியாக நடக்கிற ஜனங்கள், நம் கோட்டை மைதானத்தில் சாயங்காலம் நடக்கிற மாதிரி. கதையை எழுதிய லாடிஸ்லாவ் கிரோஸ்மனும் ஸ்லோவாக்கிய யூதர்தான். படத்துக்குச் சிறந்த அயல்மொழிப் படம் என்று ஆஸ்கார் கிடைத்தது.

கிழவியாக நடித்தவர் பெயர் ஐடா காமின்ஸ்கா. வேலூரில் ஐடா என்ற பெயரைச் சொன்னால் ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வரும். 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவம் பார்க்க ஆரம்பித்த ஐடா ஸ்கடர். அதனால் பெயர் ஓடும்போதே எனக்கு ஒட்டிக்கொண்டது. இந்த ஐடா போலந்துக்காரர், யூதர்களின் இத்திஷ் மொழி நாடக மேடையில் வளர்ந்தவர், வார்சாவில் யூத நாடக அரங்கத்தை நடத்தியவர். இந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. போர் முடிந்து 23 வருடம் கழித்து, 1968-ல், போலந்தில் மறுபடி யூதர்களுக்கு எதிராக அரசாங்கமே கிளப்பிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். அவரும் போக வேண்டியதாயிற்று. நியூயார்க்கில் 1980-ல் இறந்தார். படத்தில் கடையை விட்டுப் போக மறுத்தவர், நிஜத்தில் தன் நாடக அரங்கத்தை விட்டுவிட்டுப் போனார்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம். செக் நகரம் என்பது ஸ்லோவாக்கிய ஊர் என்றும், பிடித்த படை என்பது உள்ளூர் அரசாங்கமும் உள்ளூர்க் காவல்படையும் என்றும் போடுங்கள். தச்சன் உயிரைக் கொடுத்தான் என்ற வரியை எடுத்துவிடுங்கள். இடம் இருந்தால் குஹாரின் பெயரைச் சேருங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். என் மகள் இந்தப் படத்துக்குத் தமிழ் வரிகள் எழுத ஆரம்பித்திருக்கிறாள், எங்கள் வீட்டிலும் பக்கத்திலும் உள்ள பெரியவர்களுக்குப் போட்டுக்காட்ட. முதல் இருபது நிமிடம் முடிந்தது. சகலை தாராளமாக வருகிறான். ஆனால் டோனோவுக்குக் கொடுக்கிற அந்தப் பதவியின் பெயரில் வந்து நிற்கிறாள். அங்கே ஆரியர் என்றால் யூதரல்லாதவர். 'ஆரிய மேற்பார்வையாளர்' என்று எழுதினால் நம் ஊரில் ஆரியர் என்ற சொல்லுக்கு இருக்கிற அர்த்தம் வேறு, படிக்கிறவர்கள் குழம்புவார்கள். 'கடைப் பொறுப்பாளர்' என்று எழுதினால் அந்தக் காகிதத்தில் இருக்கிற விஷம் போய்விடுகிறது. உங்கள் பத்திரிகையில் மொழிபெயர்ப்புத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு, நல்ல சொல் ஒன்று இருந்தால் திருத்தத்தோடு சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அவள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போயிருக்கிறாள்.

இப்படிக்கு,
தையல் சாமான் கடை வாசகி,
வேலூர்.